வாரந்தவறாத செருப்புகள்

கிருபாவிளை வேதக்கோயில் சேகரத்துக்குப் புதிதாக வந்த பாதிரி ஐயர், வந்த மூன்றாம் மாசமே சபைப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட, அவருக்கு உதவிக்கு இருக்கிற உபதேசியார் ஞானதிரவியம் தோளில் ஒரு பையும் கையில் ஒரு நீட்டு நோட்டுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார், பேர் என்ன, வயசு என்ன, ஞானஸ்நானம் ஆச்சா, திடப்படுத்தல் ஆச்சா என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில், குடிக்கத் தண்ணீர் கேட்பவர் போலச் சாதாரணமாக, "மாசத்துக்கு எத்தனை ஞாயிறு கோயிலுக்கு வாறிய?" என்று கேட்டார். இந்தக் கேள்விதான் ஊரைப் பிடித்துக்கொண்டது. கேட்டவர் மேல் தப்பில்லை. பதில் சொன்னவர்கள் மேல் தப்புண்டா என்றால், அதைக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கறிக்கடைத் தவசிமணி "வாரந்தவறாம" என்றான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு, கோயிலில் ரெண்டாம் மணி அடிக்கிற அதே நேரத்தில், அவன் கையில் வெட்டுக்கத்தியும் அவன் முன்னால் எண்பது பேரும் நிற்பது ஊர் அறிந்த விஷயம். அந்த எண்பது பேரும் "வாரந்தவறாம" என்றுதான் சொன்னார்கள். லில்லிபாய் அதோடு நிற்கவில்லை. ஞாயிறு, புதன் கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், போதாக்குறைக்குத் தினமும் விடியற்கால ஜெபம் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள், சொல்லும்போதே கொட்டாவி விட்டாள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஞாயிறுக்கு எழுநூற்று நாற்பது பேர் வந்தது. பெஞ்சு போகப் பாய் விரித்து நெருக்கி உட்கார்ந்தாலும் அந்தக் கோயிலில் முந்நூறு பேருக்கு மேல் இடம் கிடையாது. உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கூட்டினார், மறுபடியும் எழுநூற்று நாற்பதுதான். "கூட்டுனது நான், சொன்னது அவிய" என்று நோட்டை மூடிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற தங்கபுஷ்பம் பொய் சொல்லத் தெரியாதவள் என்று பேர் எடுத்தவள். அரிசியில் புழு கிடந்தால் "புழு கெடந்துச்சு, பொறுக்கிட்டேன்" என்று வாத்தியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பரிமாறுகிற ரகம். அவள் உள்ளபடியே வாரந்தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அதனால் தன் கணக்கைச் சொல்வதில் அவளுக்குக் கஷ்டமில்லை. புருஷன் தர்மராஜ் முருங்கைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே, "எனக்கு ரெண்டு வாரம் போடும்" என்று குரல் கொடுத்தார். ஆறு வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காத மனுஷன், சொன்ன பொய்யிலும் ஒரு அடக்கம் வைத்தார்.

அப்புறம் உபதேசியார் நோட்டில் அடுத்த பேரைப் பார்த்தார்.

"ஆசீர்?" என்றார்.

மூன்று வருஷம் தொடர்ந்து வராதவன் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அந்தச் சேகரத்து வழக்கம். பேர் இல்லாதவனுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கமாட்டார்கள், செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கொடுக்கமாட்டார்கள். இந்த ஊரில் பிறந்தும் இந்த ஊரான் இல்லை என்று ஆகிவிடும். மகன் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. பம்பாய் என்றார்கள், சூரத் என்றார்கள், ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. "அவன் இங்க இல்ல" என்று சொல்லத்தான் தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள்.

"வருவான். வாரந்தவறாம வருவான்" என்றது வாய்.

உபதேசியாருக்குத் தெரியாததா? ஆசீருக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தலையை நிமிர்த்தாமல் "நாலு" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் ஊரிலுள்ள செருப்புகள் எழுந்து கோயிலுக்குப் போயின. வாசலில் கிடந்தது, கட்டிலுக்கடியில் கிடந்தது, கல்யாண வீட்டுக்கென்று அலமாரியில் எடுத்து வைத்தது, எல்லாம் ஜோடி ஜோடியாக, அவசரப்படாமல், தெரு ஓரமாகவே நடந்துபோய், உள்ளே போகிறவர்கள் கழற்றிப் போடுகிற படிக்கட்டுக்குக் கீழே, இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி நின்றுகொண்டன. உள்ளே தங்கபுஷ்பமும் வழக்கமான எழுபது எண்பது பேரும் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்த ஐயர், செருப்புகளைப் பார்த்தார், திரும்பிக் காலி பெஞ்சுகளைப் பார்த்தார், மறுபடியும் செருப்புகளைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்" என்றார். வேறு என்னத்தைச் சொல்ல?

வீட்டில் இருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தேரிக்காட்டுச் செம்மணல் பத்து மணிக்கெல்லாம் வறுசட்டியாகக் காயும், மணலை விட்டு இறங்கினால் உடைமுள். கறி வாங்கப் போகவும் செருப்பு வேண்டும், கிணற்றடிக்குப் போகவும் செருப்பு வேண்டும். தத்தித் தத்திக் கோயிலுக்கு ஓடிவந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்கள் செருப்பைத் தேடினார்கள். "நீ எங்க இங்க?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் தன்னையும் கேட்பார்களே.

மறுவாரம் ஊர் உஷாராகிவிட்டது. ஒருத்தர் செருப்பைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிப்போட்டார். கட்டில் நகர்ந்து வந்து வாசல் நிலையில் இடித்து நின்றது, மேலே படுத்திருந்தவர் கிழக்கு மேற்கு தெரியாமல் எழுந்தார். தவசிமணி கடைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். உள்ளேயிருந்து அது உதைத்த உதையில், ஆடு இன்னும் சாகவில்லையோ என்று கறி வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். கடைக்குப் போய்ப் புதுசு வாங்கினவர்களுக்குப் பழசோடு புதுசும் சேர்ந்து போனது. லில்லிபாய் செருப்புக்குத்தான் பெரும்பாடு, நித்தமும் விடியக்காலம் போய் நின்று, புதனும் போய், வெள்ளியும் போய், ஒரே மாசத்தில் அடி தேய்ந்து அப்பளமாகிவிட்டது. பக்கத்து ஊர் முத்தாரம்மன் கோயில் பூசாரி சேதி கேட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கு எவனும் நோட்டைத் தூக்கிட்டு வந்துராம நீதான் பாத்துக்கணும் தாயே" என்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. மூன்றாம் வாரத்தில் பெண்கள் அடையாளத்துக்குச் செருப்பு வாரில் கலர் கலராகத் துணி கட்டினார்கள். நாலாம் வாரத்தில், கடைசியில் வந்தால் கூட்டத்தில் மிதிபடுகிறது என்று எல்லாரும் முன்னாலேயே வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் வெயிலில் நிற்பானேன் என்று வேப்பமரத்தடியில் நின்றார்கள், மரத்தடியில் எறும்பு கடிக்கிறதே என்று தாழ்வாரத்தில் நின்றார்கள், தாழ்வாரத்தில் நின்றவர்களை ஐயர் பிரசங்கத்தின் நடுவே ஒரு பார்வை பார்க்க, அந்தப் பார்வைக்குப் பயந்து இடம் கொண்டமட்டும் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் தூங்கினார்கள். தூங்கினாலும் பாட்டு வரும்போது எழுந்து நின்று பாடினார்கள். சின்ன வயசில் மனப்பாடம் பண்ணின பாட்டு ஒன்றுகூட அவர்களை விட்டுப் போயிருக்கவில்லை. தவசிமணிக்கு இப்படி ஒரு கட்டைக்குரல் இருப்பது அவன் பெண்டாட்டிக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவன் கடையைப் பதினொரு மணிக்கு மேல் திறந்தான். எண்பது பேருக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

ஐயர் நல்ல மனுஷர், ஜனங்கள் முள்ளில் நடக்கிறதைப் பார்க்கப் பொறுக்காதவர். "கூட்டிக் குறைத்துச் சொன்னவர்கள் வெட்கப்படாமல் உபதேசியாரிடம் வந்து உள்ளதைச் சொல்லுங்கள். திருத்தி எழுதிக்கொள்வோம், செருப்பு வீட்டிலேயே கிடக்கும்" என்று அறிவித்தார். லில்லிபாய் ஓடிப்போய் விடியற்கால ஜெபத்தை மட்டும் அடித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் முழுக்க உபதேசியார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு காக்கா குருவிகூட வரவில்லை. ஒரு சொல் மாற்றினால் போதும், முள் இல்லை, வெயில் இல்லை, ஞாயிறு பூரா தூக்கம். ஆனாலும் ஒருத்தனும் மாற்றவில்லை. "அதெப்படி ஐயா சொல்லுவேன்? நான் என்ன கோயிலுக்கு வராத ஆளா?" என்று தவசிமணி கேட்டபோது, அவன் குரலில் உண்மையாகவே மனத்தாங்கல் இருந்தது. எத்தனை வாரம் என்று கேட்டால், நீ நம்ம ஆள்தானே என்று கேட்டதாகத்தான் மனுஷன் எடுத்துக்கொள்வான் போலிருக்கிறது. அதற்கு எவன் இல்லை என்பான்?

ஊர் இப்படி ஒரு வழிக்கு வந்துகொண்டிருந்தபோது, தங்கபுஷ்பம் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் நின்று எழுநூற்றுச் சொச்சம் ஜோடியையும் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தங்கள் செருப்பைத் தேடினார்கள், அவள் தன்னுடையதல்லாத ஒன்றைத் தேடினாள். முதல் வாரம் வராதபோது அவள் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்பாயோ சூரத்தோ, அங்கேயிருந்து நடந்து வரவேண்டாமா? ஆறு வாரம் போனது. எட்டு வாரம் போனது.

பட்டியலில் இருந்தவர்களில் ரெண்டே ரெண்டு பேர் செருப்புதான் வரவில்லை. ஒன்று ஆசீருடையது. இன்னொன்று போன வருஷம் செத்துப்போன சாமிதாஸுடையது. அவர் பெண்டாட்டி, பழக்க தோஷத்தில், "நாங்க ரெண்டு பேரும் வாரந்தவறாம" என்று உபதேசியாரிடம் சொல்லியிருந்தாள். அந்தச் செருப்பு கட்டிலுக்கடியில் தூசி படிந்து அப்படியே கிடந்தது. "செத்தவிய செருப்பு நடக்காது போல" என்று லில்லிபாய் படிக்கட்டில் வைத்துச் சொன்னாள்; சொன்ன பிறகுதான் பக்கத்தில் தங்கபுஷ்பம் நிற்பதைப் பார்த்து, "ஐயோ, மைனி, நான் சும்மா ஒரு பேச்சுக்கு..." என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதுவரை ஆறு வருஷமாகத் தங்கபுஷ்பத்துக்கு இருந்தது வருத்தம், அன்றைக்குத்தான் பயம் வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டாள். கேட்டதற்கு "ரெண்டு தடவ போட்டுட்டேன்" என்றாள். பொய்யாக ஒரு வார்த்தை, அதுவும் பெற்ற பிள்ளைக்காகச் சொன்ன வார்த்தை, அது போய் அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தராசில் நிறுத்தும் என்று யார் கண்டது? பேசாமல் "அவன் இங்க இல்ல" என்று சொல்லியிருந்தால் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

தர்மராஜ் மகனைப் பற்றிப் பேசுவதையே விட்டு ஆறு வருஷம். கோயில் அசன விருந்தன்று ஊரே இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரீட்சையில் ரெண்டாம் தடவையும் தோற்றுவிட்டு வந்திருந்த மகனைப் பார்த்து, "தண்டச்சோறு திங்க மட்டும் முன்வரிசையோ" என்று ஒரு வார்த்தை விட்டவர் அவர். ஒரே ஒரு வார்த்தைதான். பந்தியில் பாதியில் எழுந்த பிள்ளை அப்படியே போனவன்தான். அதிலிருந்து கோயில் பக்கம் தர்மராஜ் தலைகாட்டவில்லை. அப்போதிருந்த ஐயர் மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டார், அந்த ஐயர் மாற்றலாகிப் போய் மூன்றாவது ஐயர் வந்த பிறகும் அதையேதான் சொன்னார். மாசம் ரெண்டு ஞாயிறு அவர் செருப்பும் எழுந்து போகத்தான் செய்தது. ஊரிலேயே செருப்பின் பின்னால் போகாத ஒரே ஆள் அவர்தான். குத்தினால் குத்தட்டும் என்று வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்தார். தங்கபுஷ்பம்தான் அவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

பத்தாம் வாரம் ஐயரே உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பட்டியல் மேலிடத்துக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியிருந்தது.

"அம்மா, சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் எல்லாருடையதும் வந்தாச்சு, ரெண்டு தவிர. சாமிதாஸ் ஐயாவுடையது ஏன் வரவில்லை என்று நமக்குத் தெரியும். மற்றது..."

"தூரம்லா ஐயா" என்றாள் தங்கபுஷ்பம். "செருப்புக்கு ரயில் ஏறவா தெரியும்? நடந்துதான வரணும்."

"இப்போதைக்குப் பேரை எடுத்துவிடுவோம். தம்பி வந்தால் மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாம்."

"எடுத்தியன்னா பொதைச்ச மாதிரி ஐயா. எம்பிள்ளைய நானே பொதைச்ச மாதிரி" என்றவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அப்போது புறவாசலிலிருந்து தர்மராஜ் வந்தார், முழங்கால்வரை சேறு, குதிகாலில் முள் குத்தி ரத்தம். "பேரு இருக்கட்டும் ஐயா" என்றார். "வாரான்னு எழுதியிருக்குலா? வருவான். அவன் வாரந்தவறாம வாரவன்தான். நான்தான் ரெண்டு வாரம்."

பெண்டாட்டி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்தில் மகனைப் பற்றி அந்த வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது, அதுவும் சுத்தப் பொய். அவளுக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது, ஐயர் இருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டாள். ஐயர் உபதேசியாரைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்து அனுப்பலாம் ஐயா" என்று சொல்லிவிட்டு உபதேசியார் நோட்டைப் பைக்குள் போட்டார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் மணிக்குத் தர்மராஜ் செருப்பு எழுந்தபோது அதற்குள் அவர் கால் இருந்தது. பெண்டாட்டியோடு கோயில்வரை போனார். உள்ளே வரவில்லை. "நீ போ, நான் இங்கன நிக்கேன்" என்று செருப்புகளுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஐயர் ஆசீர்வாதம் கூறக் கையைத் தூக்கின நேரத்தில் வெளியேயிருந்து "ஏட்டி! ஏட்டி, இங்க வா!" என்று ஒரு சத்தம். கையைத் தூக்கினபடி ஐயர் நிற்க, தங்கபுஷ்பம் ஓடினாள், அவள் பின்னால் கோயிலே ஓடியது.

பஸ் வருகிற ரோட்டிலிருந்து ஒரு ஜோடி ஷூ வந்துகொண்டிருந்தது. கறுப்பு ஷூ என்று உற்றுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மேலே சிமெண்ட் ஒட்டியிருந்தது, அதற்கு மேல் கரிசல், அதற்கு மேல் வெள்ளைப் புழுதி, எல்லாவற்றுக்கும் மேல் நம்ம ஊர்ச் செம்மண். இடதுகால் அடி விட்டு வாய் பிளந்திருந்தது, அதனால் நொண்டியது. நொண்டிக்கொண்டே வந்து, நிற்க இடம் பார்த்து, வரிசையின் கடைசியில் தர்மராஜ் காலடியில் நின்றது. சுண்டுவிரல் இருக்கிற இடம் ரெண்டு ஷூவிலும் வெளிப்பக்கம் புடைத்திருந்தது. தர்மராஜ் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அதே இடம், அதே புடைப்பு. அந்தச் சுண்டுவிரல் அவர் குடும்பத்துச் சொத்து.

தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்து ஷூவுக்குள் கையை விட்டாள்.

"சூடு இருக்கு" என்றாள். "கால்சூடு இருக்கு! எப்பா, எம்பிள்ள இருக்கான்!"

ஊரே அழுதது. எல்லாரையும்விட லில்லிபாய்தான் சத்தமாக அழுதாள். உபதேசியார் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பேருக்கு நேரே டிக் போட்டார்.

அன்றைக்கு எல்லாரும் தங்கள் தங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்த ஷூ படிக்கட்டடியிலேயே இருந்தது. செருப்பு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான் என்பது கிருபாவிளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நமக்குப் பத்து நிமிஷம் என்றால் அவனுக்கு ரெண்டு மூன்று நாள் என்று ஊர் கணக்குப் போட்டது. தர்மராஜ் இடத்தை விட்டு நகரவில்லை. தங்கபுஷ்பமும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தோட்டத்துக்குத் தவசிமணி தண்ணீர் பாய்ச்சினான். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை மத்தியானம் ஒரு மணி பஸ்ஸிலிருந்து, தாடி வைத்த ஒருத்தன் வெறுங்காலோடு இறங்கி, தார் சுடச்சுட எட்டு வைத்துக் கோயிலைப் பார்த்து வந்தான்.

படிக்கட்டுக்கு முன்னால் வந்து நின்றான். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தான்.

"இது என் ஷூ" என்றான்.

"எடுத்துக்க" என்றார் தர்மராஜ்.

ஆசீர் உட்கார்ந்து ஷூவைக் காலில் மாட்டி, கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கட்டக் கட்ட அவிழ்ந்தது. தங்கபுஷ்பம் அவன் தாடியை, அவன் கையில் காய்ந்திருந்த சிமெண்டை, இளைத்துப்போன கழுத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டால் எழுந்து போய்விடுவானோ என்று தொடவில்லை. தர்மராஜால்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏம்ல, நீ இருந்த ஊருல செருப்புக் கடையே கெடையாதா? வேற ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு இருந்திருக்கலாம்லா? இந்தப் பிஞ்ச ஷூவுக்குப் போயா இம்புட்டுத் தூரம் வந்த?"

ஆசீர் கை நின்றது. "இது நல்ல ஷூப்பா, ரொம்ப நாள் ஒழைச்சது, அதான் வுட மனசில்லாம..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தங்கபுஷ்பம் புருஷனிடம். "அவன்ட்ட ஒண்ணும் கேக்காதிய. கேட்டா பொய் சொல்லுவான்."

சொல்லிவிட்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். தர்மராஜ் எழுந்து பின்னால் போனார். ஆசீர் அவர்கள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாட்டின ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மத்தியான மணலில் வெறுங்காலோடு அவர்கள் பின்னால் நடந்தான்.